எருமைநாக்குப் பெட்டி

ஜெனோவா மறுபடியும் சொறிய ஆரம்பித்திருந்தாள்.

யாரும் பார்க்காத நேரம் பார்த்துத்தான் சொறிந்தாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, சீப்பின் பல்லால் முழங்கையின் உட்பக்கத்தை அவள் கீறிக்கொண்டிருந்ததை நேவிஸ் கண்டுவிட்டாள். சாதாரண அரிப்புக்கு நகம் போதும். சீப்பு கேட்கிற அரிப்பு சிறுநீரகம் செத்துப்போனவர்களுக்கு வருவது. ரத்தத்தில் பாஸ்பேட் ஏற ஏற உடம்பு முழுக்க உள்ளேயிருந்து பிடுங்கும். தோலைக் கிழித்தாலும் அடங்காது.

"எத்தனை நாளா?"

"இப்பந்தான் மதினி. வேர்க்குரு."

"வேர்க்குருவுக்கு எதுக்குளா சீப்பு?"

ஜெனோவா சீப்பைத் தலையில் செருகிக்கொண்டு, குழம்பைக் கிண்டுவதுபோல் பாவனை செய்தாள். குழம்பு எப்போதோ கொதித்து அடங்கியிருந்தது.

நேவிஸின் தம்பி ரீகனுடைய மனைவி அவள். தூத்துக்குடியில் விசைப்படகு ஓட்டுகிறவன் ரீகன். வீட்டில் படித்தவள் என்று பெயர் வாங்கியவள் நேவிஸ்தான். கடற்கரைச் சாலையில் இருந்த ஆய்வு மருத்துவமனையில் செல் வளர்ப்பது அவள் வேலை. நல்ல மனசுக்காரி, ஆனால் வாய் முந்திக்கொள்ளும். கோபம் வந்தால் மூக்குக்கு மேலே நிற்கும்.

ஜெனோவாவின் இடுப்பில் கட்டியிருந்த பெட்டி நேவிஸ் செய்தது. அதற்குக் காகிதத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. நோயாளிகள் வைத்த பெயர் எருமைநாக்குப் பெட்டி. எருமைநாக்கு என்பது கடலடி மணலில் தட்டையாகப் படுத்துக் கிடக்கும் மீன், கண் இரண்டும் ஒரே பக்கம் இருக்கும். அதன் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள், மெல்லிய சவ்வு ஒன்றின் மேல் உயிரோடு படிந்து, அந்தப் பெட்டிக்குள் இருந்தன. கையிலிருந்து வரும் ரத்தம் அதன் ஒரு பக்கமாக ஓடித் திரும்பிப் போகும். மறுபக்கத்தில் கழிவு சேரும்.

பெட்டியைக் கட்டிய அன்று ஜெனோவா கேட்டிருந்தாள். "மிஷின்தான் ரத்தத்தைக் கழுவுதே மதினி. இது என்னத்துக்கு?"

"டயாலிசிஸ் மிஷின் மத்ததெல்லாம் கழுவும். பாஸ்பேட்ட மட்டும் அரைகுறையாத்தான் எடுக்கும். மிச்சம் ரத்தக்குழாயில, இருதய வால்வுல எல்லாம் சுண்ணாம்பாப் போய் உக்காரும். அதுக்குத்தான் மீன்."

"மீனு என்ன செய்யும்?"

"கடல்மீனு உப்புத்தண்ணியக் குடிச்சுத்தான பொழைக்கு? வேண்டாததெல்லாம் உள்ள வந்துரும்லா. நம்ம கிட்னி பாஸ்பேட்ட வெளிய விட்டுட்டு, ஐயோ போயிருச்சேன்னு திரும்பவும் அள்ளி எடுத்துக்கிடும். எருமைநாக்கோட கிட்னி அப்படியில்ல. பிடிச்சு வெளிய தள்ளும்."

"எப்படித் தள்ளும்?"

"செல்லைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கும், சொவரு மாதிரி. பாஸ்பேட் தானா அதைத் தாண்டாது, கதவு வேணும். கதவும் லேசுல திறக்காது. உப்புல இருக்க சோடியம் ரெண்டு மூணு வந்து கையப் பிடிச்சாத்தான் அதுக்கு வழி."

"துணைக்கு ஆளு இல்லாம கல்யாண வீட்டுக்குள்ள நுழைய மாட்டாளே, எங்க சின்னம்மை, அது மாதிரியா?"

"அதேதான். சொவத்துக்கு ரெண்டு பக்கமும் கதவு உண்டு. வாங்குறதுக்கும் உண்டு, தள்ளுறதுக்கும் உண்டு. எதை அதிகமாத் திறக்கணும்னு உடம்பு சொல்லும்."

"உடம்பு மாத்திச் சொல்லிட்டா?"

"மீனோட உடம்பு இப்ப எங்க இருக்கு? பெட்டிக்குள்ள வெறும் செல்லுதான கெடக்கு" என்று நேவிஸ் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு அவள் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை.

ஆனால் முதல் சில மாதங்கள் அற்புதமாகத்தான் போயின. மீனும் பாலும் முட்டையும் பருப்பும் ஆகாது என்று ஒதுக்கப்பட்டிருந்தவள் ஜெனோவா. மீன்பிடிக்கிற வீட்டு மருமகள், மீன் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு வெறுஞ்சோறு தின்றிருக்கிறாள். பெட்டி வந்தபின் அவள் விளமீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முகத்தில் நிறம் திரும்பியது. நின்று போயிருந்த மாதவிலக்கு கூட ஒழுங்குக்கு வந்தது. "வால்வுல சுண்ணாம்பு ஏறிருச்சு, இப்படியே போனா அடுத்த மழைக்காலம் தாண்டுறது கஷ்டம்" என்று சொல்லியிருந்த டாக்டர் கோமதிநாயகம், அவளைப் பார்க்கும்போதெல்லாம் தன் பிள்ளை தேர்வில் தேறியதுபோல் சிரித்தார். நெருங்கிய சொந்தத்தைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. நேவிஸ் கெஞ்சிய கெஞ்சலில் அவர் கண்டும் காணாமல் விட்டவர்.

இப்போது அந்த ஜெனோவாவுக்குத்தான் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போனது. பெட்டி கட்டிய மற்ற எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

நேவிஸ் செல்களை மாற்றினாள். சில நாள் சரியாக இருந்து மறுபடி ஏறியது. இன்னொரு வளர்ப்பிலிருந்து புதிதாக எடுத்து மாற்றினாள். அதுவும் அப்படியே ஆனது. ஜெனோவா சாப்பிட்டதை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். சிறுநீரக நோயாளிகள் வாந்தி எடுப்பது புதிதில்லை என்பதால் அதை யாரும் தனியாக நினைத்துப் பார்க்கவில்லை.

நேவிஸின் சந்தேகம் சாப்பாட்டின் மேல் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு தம்பி வீட்டுக்குப் போய், அடுக்களைப் பானை சட்டியை எல்லாம் திறந்து பார்த்தாள்.

"கருவாடு தின்னியா?"

"மாதா மேல சத்தியமா இல்ல மதினி."

"பொறவு எப்படிளா ஏறும்? எங்கிட்ட என்னத்தையோ மறைக்கே நீ."

ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு நேவிஸுக்குக் குற்றம் ஒப்புக்கொண்டதாகவே பட்டது. "நான் உனக்காக எவங்கிட்ட எல்லாம் பல்லக் காட்டிட்டு நிக்கேன். உனக்கு நாக்கு கேக்குதோ நாக்கு!" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள். ஜெனோவா அழுதது வாசல்வரை கேட்டது. நேவிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. பெட்டி கட்டிய பெண்களிடம் மாதாமாதம் மாதவிலக்கைப் பற்றிக் கேட்டு, சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களிடம் நேவிஸ் அதைக் கறாராகக் கேட்டாள். தம்பி மனைவியிடம் அப்படிக் கேட்க அவளுக்குக் கூச்சம். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எல்லாம் ஒழுங்கா வருதுல்லா?" என்பாள். ஜெனோவாவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வருது மதினி" என்பாள். அதோடு இரண்டு பேருக்கும் நிம்மதி.

பாஸ்பேட் இறங்கவேயில்லை என்றானதும் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். "பெட்டியக் கழட்டிருவோம் நேவிஸ். அவங்களுக்கு ஒத்துக்கிடல."

"கழட்டினா பழையபடி ஆயிருவா சார். வால்வு தாங்காதுன்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன்."

"ஒரே ஒரு தடவ. பெரிய பெட்டியாப் போட்டுப் பாக்கேன். செல்லு ரெண்டு பங்கு இருந்தா தள்ளுறதும் ரெண்டு பங்கு ஆகும்லா?"

அவர் சரி என்றார். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

பெரிய பெட்டியைக் கட்டிய மறுநாள் ஜெனோவா மாதா கோயில் படியில் மயங்கி விழுந்தாள். ரீகன் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தான். இருதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. நேவிஸ் பெட்டியைக் கழற்றினாள். ரத்தப் பரிசோதனை வந்தபோது டாக்டர் அந்தக் காகிதத்தை அவளிடம் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பாஸ்பேட் இறங்குவதற்குப் பதில் கிடுகிடுவென்று ஏறியிருந்தது. ரெண்டு பங்கு செல் ரெண்டு பங்கு வேலை செய்திருந்தது, நேர் எதிர்ப் பக்கமாக.

அவளை இயந்திரத்தில் போட்டு எப்படியோ மீட்டார்கள். ரீகன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். நேவிஸைப் பார்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன், "நீ சாப்ட்டியாக்கா?" என்று கேட்டான்.

அவள் ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கழற்றிய பெட்டியைப் பிரித்துச் செல்களைக் கழுவி, புதுத் திரவத்தில் வைத்தாள். பாஸ்பேட் பட்டால் நீலமாக மாறும் மருந்து ஒன்று உண்டு. செல்கள் பாஸ்பேட்டைத் தள்ளினால் கழிவுப் பக்கத்து நீர் நீலமாகும், பிடித்து வைத்தால் வெறும் தண்ணீராகவே இருக்கும். கழுவிய செல்கள் ஒழுங்காக நீலம் காட்டின. இன்னொரு நோயாளியின் ரத்த நீரைச் செல்கள் மேல் விட்டாள். அப்போதும் நீலம். ஜெனோவாவின் ரத்த நீரை விட்டாள். கொஞ்ச நேரத்தில் நீலம் நின்றது. மறுபடி கழுவி மறுபடி விட்டாள், மறுபடி நின்றது.

டாக்டர் வந்து பின்னால் நிற்பதை அவள் கவனிக்கவில்லை.

"செல்லு மேல குத்தமில்ல சார்" என்றாள். "அவ ரத்தத்துல ஏதோ ஒன்னு, தள்ளாத, பிடிச்சு வைன்னு சொல்லுது. கதவையே மாத்தித் திறக்கச் சொல்லுது."

"மீனுக்கு யாரு அப்படிச் சொல்லுவா?"

"மீனுக்குக் கிட்னிகிட்ட ஒரு சின்னச் சுரப்பி உண்டு. அதுலருந்து ஒரு ஹார்மோன் வரும். அது வந்தா மீன் பாஸ்பேட்டச் சேத்து வைக்கும்."

"மனுஷனுக்கு?"

"அந்த ஹார்மோன் நமக்கும் உண்டு. ஆனா சும்மா நாளுல ரத்தத்துல சுத்தாது சார். எலியில பாத்துருக்காங்க. அதுவும் எப்பன்னா..."

எலி சினையாக இருக்கும்போது மட்டும் என்று அவள் எப்போதோ ஒரு கட்டுரையில் படித்திருந்தாள். அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜெனோவா கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். நேவிஸ் ஒன்றும் கேட்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையின் மேல் அவள் வயிற்றில் கையை வைத்தாள். ஜெனோவாவின் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் வழிந்தது.

"மூணு மாசம் முடியட்டும்னு அம்மை சொன்னா மதினி. முன்னால ரெண்டு தடவையும் தரிச்ச உடனே ஊருக்கெல்லாம் சொன்னோம். ரெண்டும் தங்கல. இந்தத் தடவ அவருக்குக்கூடச் சொல்லல."

நேவிஸுக்கு ஞாபகம் இருந்தது. முதலாவது ஆரம்பத்திலேயே போனது. இரண்டாவது ஏழாம் மாதத்தில் போனபோது சிறுநீரகத்தையும் கூட்டிக்கொண்டு போனது. ரெண்டு தடவையும் தெரு முழுக்க லட்டு கொடுத்தவள் நேவிஸ்தான். ஊர்க்கண் பட்டுவிட்டது என்று பேசியவர்கள் யார் கண்ணைச் சொன்னார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா? நான் சண்டைக்கு வந்து கத்தும்போதாவது சொல்லிருக்கலாம்லா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு மதினி. சொன்னா இதுவும் போயிரும்னு பயம்." பிறகு அவளே கேட்டாள். "நான் யாருக்கும் சொல்லலியே. அந்த மீனுக்கு யாரு சொன்னா?"

"உன் ரத்தம் சொல்லிச்சு. பிள்ளைக்கு எலும்பு கட்ட பாஸ்பேட் வேணும். அதான், பிடிச்சு வைன்னு சொல்லிருக்கு. செல்லு சொன்னதக் கேட்டுச்சு."

"அப்ப அது எனக்குத் துரோகம் பண்ணல."

"இல்லளா. பிள்ளைக்கு நல்லது செய்யுறதா நெனச்சு உன்னயக் கொல்லப் பாத்துச்சு."

டாக்டர் ரீகனையும் உட்காரவைத்து மறைக்காமல் சொன்னார். கருவைக் கலைத்தால் செல்கள் பழையபடி திரும்பும், பெட்டி வேலை செய்யும், ஜெனோவா பிழைப்பாள். கரு இருக்கும்வரை பெட்டி கட்ட முடியாது. தினமும் நெடுநேரம் இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைக் கழுவிப் பார்க்கலாம். அப்படிப் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. ஆனால் இவளுடைய வால்வு அந்தப் பாரத்தைத் தாங்கும் என்று அவரால் சொல்ல முடியாது.

ரீகன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். "எனக்குப் பிள்ள வேண்டாம் ஜெனோ. நீ இருந்தாப் போதும். அக்கா, நீயாவது சொல்லேன் இவகிட்ட."

நேவிஸ் சொன்னாள். கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடிக்கக்கூடப் போனாள். ஜெனோவா காலை இழுத்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "மிஷின்ல போடுங்க."

அதற்குப் பிறகு அவளுடைய வாழ்க்கை இயந்திரத்தின் பக்கத்துக் கட்டிலிலேயே நடந்தது. ஒவ்வொரு நாளும் ரத்தம் வெளியே போய்க் கழுவப்பட்டு உள்ளே வந்தது. படி ஏறக்கூட மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. கடலுக்குப் போகாத நாளெல்லாம் ரீகன் மாதா கோயிலில் முழந்தாளில் நின்றான். பிள்ளையைப் பற்றி அவன் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே எண் பாஸ்பேட்தான். அது இறங்கினால் போதும் என்று மட்டும் கேட்டான்.

நேவிஸுக்கு வேறு ஒரு வேலை வந்து சேர்ந்தது. காலையில் ஜெனோவாவின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துப் போய், வைத்திருந்த எருமைநாக்குச் செல்களின் மேல் விட்டுப் பார்ப்பாள். செல்கள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்தால் உள்ளே பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேன் எப்போதோ ஒருமுறைதான். மீனிடம் தினமும் கேட்கலாம்.

"நீலமா மதினி?"

"இல்லளா. வெறும் தண்ணிதான்."

அவ்வளவுதான் பேச்சு. அதைக் கேட்டதும் ஜெனோவாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பெட்டி செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து நீலத்துக்காகத் தவம் கிடந்தவள் நேவிஸ். முதல் தடவை நீலம் வந்தபோது ஆய்வுக்கூடத்தில் எல்லாரையும் கட்டிப்பிடித்துக் கூத்தடித்தவள். இப்போது ஒவ்வொரு காலையும் கண்ணாடிக் கிண்ணத்தின் முன்னால் நின்று, நீலம் வரக்கூடாதே கர்த்தரே என்று வேண்டிக்கொண்டாள். ஜெனோவா பிழைக்க வேண்டும் என்று ராத்திரி வேண்டியதற்கு இது நேர் எதிர் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாம் மாதம் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் லட்டு கொடுக்கவில்லை.

நான்காம் மாதத்தில் ஒரு நாள், மருந்தை விட்டுவிட்டு நேவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கிண்ணத்தில் நீலம் இருந்தது. மங்கலாக இல்லை. விளம்பரத்துக்குப் படம் எடுக்கலாம் போல அத்தனை நல்ல நீலம். அவள் அதைக் கொட்டிவிட்டு மறுபடி செய்தாள். வேறு செல்களை எடுத்துச் செய்தாள். மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதுப் புட்டியைத் திறந்தாள்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அட, தள்ளுதே! இனி பெட்டியக் கட்டி..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வார்டுக்குப் போகும் தாழ்வாரம் அன்று முடியவே மாட்டேன் என்றது. ஜெனோவா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, நர்ஸ் கொடுத்த இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலமா மதினி?"

நேவிஸ் வாயைத் திறந்தாள். எந்த நேரமும் முந்திக்கொள்கிற வாய் அன்று ஒரு பொய்க்குக்கூட உதவவில்லை.

ஜெனோவா இட்லியைத் தட்டில் வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்தாள்.

"ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம்ளா" என்றாள் நேவிஸ் அவசரமாக. "செல்லு வச்சுச் சொல்லுறது தப்பாக்கூட இருக்கும். பழைய செல்லு."

"அது எப்ப மதினி தப்பாச் சொல்லிச்சு?"

ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். உள்ளே துடிப்பு இல்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்து ஜெனோவாவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தபோது அவள் நேவிஸைத் தேடினாள். "பெட்டியக் கட்டுங்க" என்று கையை நீட்டினாள். அவ்வளவு நேரமும் அழாமலிருந்த நேவிஸ், குழாயைப் பொருத்தும்போதுதான் உடைந்தாள். ஜெனோவா மற்றக் கையால் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். பெட்டி வேலை செய்தது. முதல் பரிசோதனையிலேயே பாஸ்பேட் இறங்கியிருந்தது.

ரீகன் கடலிலிருந்து நேராக ஓடி வந்தான். கைலி இன்னும் ஈரமாக இருந்தது. வழியில் யாரோ பாதிச் செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா! எறங்கிருச்சாமே!" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினான். அவன் இத்தனை சந்தோஷமாக இருந்து நேவிஸ் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "நான் கேட்டத மாதா குடுத்துட்டாக்கா. கேட்டத அப்படியே குடுத்துட்டா!"

நேவிஸ் எழுந்தாள். ஜெனோவா அவள் கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

"பொறவு நான் சொல்லிக்கிடுதேன் மதினி" என்று மெல்லிய குரலில் சொன்னாள். பிறகு புருஷனைப் பார்த்துத் தட்டைக் காட்டினாள்.

"ஒன்னும் திங்காம வந்துருப்பிய. இட்லி இருக்கு, மொதல்ல சாப்பிடுங்க."